புடலங்காய்னா அவ்வளவு இளக்காரமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஓர் ஊக்குநர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாசம் வங்கி இணைப்பைப் பத்திப் பேசினோம். அதுக்கு முந்தின மாசம் காசநோயைப் பத்தி ஒரு நர்சம்மா வந்து பேசினாங்க. இந்த மாசம் என்னைப் பேசச் சொல்லிட்டாங்க. தலைப்பு உன் இஷ்டம்னு வேற சொல்லிட்டாங்க. நான் புடலங்காயைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன். சிரிக்காதீங்க. சிரிச்சாலும் பரவாயில்ல, எழுந்து மட்டும் போயிராதீங்க.

ஏன் புடலங்காய்னு கேட்டீங்கன்னா, நம்ம ஊர்ல ஒரு விஷயத்தை மட்டந்தட்டணும்னா உடனே இந்தக் காயைத்தான் இழுப்பாங்க. "படிப்பாவது புடலங்காயாவது." "சொந்தமாம் புடலங்காயாம்." அவ்வளவு ஏன், "சங்கமாவது புடலங்காயாவது, போயி வேலையைப் பாரு" இந்த வார்த்தையைக் கேக்காத பொம்பளை இந்த ஹால்ல யாராச்சும் இருந்தா கையைத் தூக்குங்க. ஒருத்தருமில்ல. 1989-ல தருமபுரி மாவட்டத்துல முதன்முதலா அரசாங்கம் பெண்கள் குழு ஆரம்பிச்சது. 1997-98-ல மகளிர் திட்டம்னு மத்த மாவட்டத்துக்கும் கொண்டுபோனாங்க. எந்த மாவட்டத்துக்குக் குழு போச்சோ அங்கெல்லாம் அதுக்கு முன்னாடியே இந்தப் புடலங்காயும் போய் உக்காந்திருந்துச்சு.

நான் யோசிச்சுப் பாத்தேன். கத்தரிக்காயை யாரும் இப்படிச் சொல்றதில்ல. அது முத்தினா கடைத்தெருவுக்கு வரும்னு மரியாதையா ஒரு பழமொழி இருக்கு. சுரைக்காய்க்கு உப்பு இல்லைன்னு ஒரு குறை சொல்றாங்க, அது சமையல் சம்பந்தப்பட்ட குறை, ஏத்துக்கலாம். புடலங்காய் மட்டும் என்ன பாவம் செஞ்சுச்சு? நான் பத்து வருஷமா அரை ஏக்கர்ல பந்தல் போட்டு இதை வளக்குறவ. எனக்குக் கோபம் வராதா?

சரி, ஒண்ணு ஒத்துக்கணும். அது கொஞ்சம் விநோதமான காய்தான். மத்த காயெல்லாம் கைக்குள்ள அடங்கும், கூடைக்குள்ள அடங்கும். இது மட்டும் எங்கேயும் அடங்காது. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் விட்ட கோ 1-ன்னு ஒரு ரகம் இருக்கு. அதோட காய் 160 சென்டிமீட்டர்லயிருந்து 180 சென்டிமீட்டர் வரைக்கும் நீளும். அடிக்கணக்குல அஞ்சேகாலுக்கு மேல. நான் அஞ்சடி. அதாவது, நான் பெத்து வளத்த காய் என்னை நிமுந்து பாக்க வேண்டியதில்ல, குனிஞ்சுதான் பாக்கணும்.

இதைப் பஸ்ல கொண்டுபோறதுதான் பெரும்பாடு. சாக்குக்குள்ள நிக்காது. மேல வச்சா வழுக்கும். நட்டுவச்ச மாதிரி கையில பிடிச்சுக்கிட்டு நின்னா, பிரேக் போடறப்பல்லாம் முன்னாடி இருக்கிறவர் தலையில தட்டும். 2021-ல பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆனப்போ, "உனக்கு டிக்கெட் வேண்டாம்மா, ஆனா உன் கூட வந்திருக்காரே அந்த உயரமான ஆளு, அவருக்கு எடுக்கணும்"னு ஒரு கண்டக்டர் சொன்னார். பஸ்ஸே சிரிச்சுச்சு. இந்த நீளம் சந்தைக்கும் தொல்லைதான். லாரியில ஏத்தினா ஒடியும். அதனாலதான் இப்ப வியாபாரிங்க குட்டைக் காயைக் கேக்குறாங்க. கோ 2-ன்னு ஒரு ரகம் ஒரு அடி சொச்சம்தான் வரும். வெளுப்பா, அடக்க ஒடுக்கமா இருக்கும். எனக்கென்னமோ அதைப் பாத்தா புடலங்காய்னே தோணுறதில்ல. வெள்ளரிக்காய்க்கு மாமன் மகன் மாதிரி இருக்கு. ஆனா விக்குது. விக்கிறதைத்தான் நானும் முக்கால் பங்கு போட்டிருக்கேன். மிச்சக் கால் பங்கு நீளம். அது எனக்காக.

நீளக் காயில இன்னொரு கூத்து இருக்கு. கல்லு கட்டறது. பந்தல் வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பிஞ்சு ஒரு சாண் வந்ததும் நுனியில ஒரு சின்னக் கல்லை நூல்ல கட்டித் தொங்கவிடுவோம். கட்டலைன்னா அது தன் இஷ்டத்துக்குச் சுருளும். ஒண்ணு கொக்கி மாதிரி வரும், ஒண்ணு ஜிலேபி மாதிரி வரும். ருசியில ஒரு வித்தியாசமும் இல்ல. ஆனா சந்தைக்குப் போனா வளைஞ்ச காயைத் தனியா ஒதுக்கி வச்சிருவாங்க, பாதி விலை. அதனால ஒவ்வொரு பிஞ்சுக்கும் கல்லு. எங்க மக ஸ்கூல் விட்டு வந்து பந்தலுக்குள்ள நின்னு ஒரு நாள் கேட்டா, "ஏம்மா, நேரா இருக்கிறதுக்குத்தான் கல்லா, இல்ல நேரா இருக்கேன்னு ஒத்துக்கிற வரைக்கும் கல்லா?" அவ எட்டாவது படிக்கிறா. நான் பதில் சொல்லாம கல்லைக் கட்டிக்கிட்டிருந்தேன்.

பாம்புக் கதையும் சொல்லியாகணும். வெள்ளைக்காரங்க இதுக்கு வச்ச பேரே பாம்புக்காய்ங்கிற அர்த்தத்துலதான். வரிவரியா, வழவழன்னு, மேல இருந்து தொங்கும். நிலா வெளிச்சத்துல பந்தலுக்குள்ள போனா எனக்கே ஒரு நிமிஷம் பகீர்ங்கும். எங்க வீட்டுப் பெரிய மாமா ஒரு நாள் ராத்திரி தண்ணி பாய்ச்சப் போனவர், கம்பை எடுத்து அடி அடின்னு அடிச்சிட்டு ஓடி வந்து, "மூணு பாம்பு, மூணும் காலி"ன்னு மூச்சு வாங்கினார். தெருவே திரண்டுருச்சு. காலையில போய்ப் பாத்தா நாலு புடலங்காய் செத்துக் கிடக்குது. அந்த நாலையும் கூட்டு வச்சு அவருக்கே போட்டோம். அதே பந்தல்ல நெசமாவே பச்சைப்பாம்பும் வரும், அதையும் சொல்லிடறேன். அதனால பந்தலுக்குள்ள கை நீட்டறதுக்கு முன்னாடி கண்ணை நீட்டுங்க.

பூவைப் பத்திச் சொல்லணும். இதைப் பாக்காம யாரும் புடலையைத் திட்டக் கூடாதுன்னு நான் ஒரு தீர்மானமே போடுவேன். புடலம்பூ பகல்ல வாயைத் திறக்காது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துலதான் மலரும். அஞ்சு வெள்ளை இதழ், ஒவ்வொரு இதழோட ஓரத்துலயும் நூல் நூலாப் பிரிஞ்சு, லேஸ் வச்சுத் தச்ச மாதிரி இருக்கும். தாவரம் படிச்சவங்க இதுக்கு வச்சிருக்கிற பேருக்கு அர்த்தமே "முடிப்பூ"தானாம். ராத்திரியில வர்ற அந்துப்பூச்சிக்காகத்தான் அந்த அலங்காரம் எல்லாம். அடுத்த நாள் வெயில் ஏறினா வாடிரும். பகலெல்லாம் வேலையா ஓடுற நாம அதைப் பாத்திருக்கவே மாட்டோம். இத்தனை அழகான பூவிலயிருந்து இப்படி ஒரு காயான்னு கேக்கலாம். நம்ம வீட்டுப் பிள்ளைகளைப் பாத்தும் ஊர்ல அப்படித்தான் கேக்குறாங்க, விடுங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

விதை போட்டு ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல கொடி பந்தல் ஏறிப் பூ விட ஆரம்பிக்கும். முதல்ல வர்ற பூவெல்லாம் கொத்துக்கொத்தா ஒரு காம்புல வரும். நிறைய வரும். பந்தலே வெள்ளையாத் தெரியும். நமக்கு வாயெல்லாம் பல்லு. அப்புறம் எல்லாம் உதிரும். ஒரு பிஞ்சு நிக்காது. மறுநாளும் பூக்கும், உதிரும். ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் அதுக்கு மேலயும் இதே கதைதான். அப்ப ஊர்ல என்ன சொல்லுவாங்க? "மலட்டுக்கொடி. பிடுங்கிப் போடு."

எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் அப்படித்தான் செஞ்சார். நாப்பது நாள் கொடியை அருவாளால சீவிட்டு மறுபடி விதை போட்டார். மறுபடி அதே மாதிரி பூத்து உதிந்துச்சு. "மண்ணே மலடு"ன்னுட்டார்.

நடந்தது என்ன தெரியுமா? முதல்ல வந்து உதிந்ததெல்லாம் ஆண் பூ. புடலையில ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒரே கொடியில ரெண்டும் வரும், ஆனா ஆண் பூ முந்திக்கிட்டு வந்துரும். அது காய்க்காது, காய்க்கவும் முடியாது. உதிர்றதுதான் அதோட வேலை. பெண் பூ அப்புறம் வரும், கொத்தா வராது, ஒத்தையா வரும். அதை அடையாளம் கண்டுபிடிக்கிறது ரொம்பச் சுலபம். பூவுக்கு அடியில விரல்கடை நீளத்துல ஒரு குட்டிப் புடலங்காய் பொறக்கும்போதே இருக்கும். ஆண் பூவுக்கு அடியில வெறும் காம்புதான். அப்புறம் அந்தப் பெண் பூவும் தானாக் காயாகாது. ஆண் பூவோட மகரந்தம் வந்து சேரணும். அந்துப்பூச்சி வரலைன்னாலோ, சாயங்காலத்துல மருந்தடிச்சு நாமளே பூச்சியை விரட்டிட்டாலோ, பிஞ்சு மஞ்சளாகி விழுந்துரும். நான் என்ன செய்வேன்னா, விடியக்காலையில ஒரு ஆண் பூவைக் கிள்ளி, இதழை ஒதுக்கிட்டு, பெண் பூவுக்குள்ள மெதுவாத் தொட்டுவிடுவேன். ஒரு ஆண் பூ ரெண்டு மூணு பெண் பூவுக்குப் போதும். அதிகமாக் கணக்குப் பண்ணாதீங்க, அது பூவுக்கு மட்டுந்தான்.

ஆக, பூத்தும் காய்க்கலைன்னா கொடியைத் திட்டுறாங்க. எந்தப் பூ உதிந்துச்சு, மகரந்தம் வந்துச்சா, இதையெல்லாம் யாரும் பாக்குறதில்ல.

எங்க குழுவுல ஒரு பொண்ணு. பேர் வேண்டாம். கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்ல. போன வருஷம் ஒரு கூட்டத்துல எழுந்து 15,000 ரூபாய் உள்கடன் கேட்டா. எதுக்குன்னா வைத்தியத்துக்கு. ஏற்கனவே கழுத்துச் செயின் அடகுல இருக்கு. மூணு ஆஸ்பத்திரி பாத்தாச்சு, ரெண்டு கோயில்ல தொட்டில் கட்டியாச்சு, ஒரு நாட்டு மருந்தைக் குடிச்சு நாலு நாள் வாந்தி எடுத்தாச்சு. ஸ்கேன் நாலு தடவை. கருக்குழாய்க்குள்ள மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கிறது ஒண்ணு உண்டு, அதையும் எடுத்திருக்கா. அந்த வலியை அவ சொன்னப்போ கூட்டமே சத்தமில்லாம இருந்துச்சு. ரிப்போர்ட் எல்லாத்துலயும் அவகிட்ட கோளாறுன்னு ஒண்ணும் எழுதலை.

எங்க குழுவிலேயே மூத்தவங்க ஒருத்தங்க. கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அவங்கதான் கேட்டாங்க. "அது சரி தாயி, மாப்பிள்ளைக்குப் பாத்தீங்களா?"

அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "அவரு நல்லாத்தான் இருக்காரு அத்தை."

"பந்தல் நிறையப் பூத்தா நல்லாருக்குன்னு அர்த்தமா?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. என் பந்தல் கதையெல்லாம் அவங்களுக்கு மனப்பாடம்.

நான் வீட்டுக்குப் போய் இதைப் பத்தி அரசு ஆஸ்பத்திரியில வேலை பாக்குற ஒரு டாக்டரம்மாகிட்ட விசாரிச்சேன். அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன். குழந்தை தங்காத தம்பதிகளை எடுத்துக்கிட்டா, கிட்டத்தட்டப் பாதிப் பேர்கிட்ட ஆண் பக்கத்துலயும் காரணம் இருக்குமாம். தனியாவும் இருக்கலாம், பெண் பக்கத்தோட சேந்தும் இருக்கலாம். ஒரு வருஷம் சேந்து வாழ்ந்தும் தங்கலைன்னா ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ப் பாக்கணும். ஒருத்தர் மட்டும் போறது அரை வைத்தியம். ஆணுக்கு முதல்ல செய்ற சோதனை விந்து பரிசோதனை. அதுல ஊசி இல்ல, கத்தி இல்ல, வலி இல்ல. ரெண்டு நாள்லயிருந்து ஏழு நாள் வரைக்கும் விலகி இருந்துட்டுப் போய்க் கொடுக்கணும், அவ்வளவுதான். ஒரு தடவை குறையா வந்தா, இன்னொரு தடவை பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாங்க. குறைன்னு வந்தாலும் நிறையப் பேருக்குச் சரிபண்ண வழி இருக்கு. விதைப்பையில நரம்பு புடைச்சிருந்தா அதுக்கு வைத்தியம் உண்டு. பீடி சிகரெட் அதைக் கெடுக்கும். அளவு மீறின குடியும் கெடுக்கும்.

இன்னொண்ணும் சொன்னாங்க. 2023-ல உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டுச்சாம். உலகத்துல வயசுக்கு வந்தவங்கள்ல ஆறு பேருக்கு ஒருத்தர் வாழ்க்கையில ஏதாவது ஒரு கட்டத்துல இந்தக் குழந்தையின்மைச் சிக்கலைச் சந்திக்கிறாங்களாம். இந்த ஹால்ல அறுபது பேர் இருக்கோம். கணக்கை நீங்களே போட்டுக்குங்க. யாரையும் திரும்பிப் பாக்காதீங்க.

அப்ப பாருங்க. வலியில்லாத, செலவு கம்மியான, அரை மணி நேரச் சோதனை ஒண்ணு இருக்கு. அதை விட்டுட்டு, வலிக்கிற சோதனை, செலவு பிடிக்கிற சோதனை எல்லாத்தையும் பொம்பளை உடம்புல முதல்ல பண்ணிட்டு, கடைசியில "மலடி"ன்னு ஒரு பேரும் வைக்கிறாங்க. நானும் பாத்துட்டேன், தமிழ்ல மலடிங்கிற சொல்லு எல்லார் வாயிலயும் புழங்குது. மலடன்னு ஒரு சொல்லு அகராதியில இருக்கு, ஆனா எந்தத் தெருச் சண்டையிலயாவது அதைக் கேட்டிருக்கோமா?

எங்க குழு அன்னைக்குக் கடன் கொடுக்கலைன்னு நினைக்காதீங்க. கொடுத்தோம். தீர்மான நோட்டுல எழுதித்தான் கொடுத்தோம். அந்த மூத்த அம்மா ஒரு வரி சேக்கச் சொன்னாங்க: கணவன் மனைவி இருவரின் மருத்துவப் பரிசோதனைக்காக. "இருவரின்" அப்படிங்கிற வார்த்தையை எழுதும்போது எனக்குக் கை நடுங்குச்சு. ஒரு குழு இப்படி அடுத்த வீட்டு விஷயத்துல தலையிடலாமான்னு ரெண்டு உறுப்பினர் வாதம் பண்ணாங்க. அது நியாயமான வாதம்தான், நான் தப்புச் சொல்ல மாட்டேன். அதனால அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டோம். "எழுதுங்கக்கா. வீட்ல காட்டுறதுக்கு எனக்கு ஒரு காகிதம் வேணும். நானாச் சொன்னா அடி விழும், சங்கம் சொல்லுச்சுன்னா யோசிப்பாங்க"ன்னா.

அவ வீட்டுக்காரர் மூணு வாரம் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சார். என்னைப் பாத்தா ரோட்டை மாத்திக்கிட்டுப் போவார். அப்புறம் ஒரு நாள் ரெண்டு பேரும் காலை பஸ்ல ஒண்ணாப் போனாங்க. சோதனையில என்ன வந்துச்சுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அது அவங்க ரெண்டு பேர் விஷயம். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: இப்ப மருந்து மாத்திரை டப்பாவுல ரெண்டு பேர் பேரும் எழுதியிருக்கு. அந்த மாமியாரம்மா என் பந்தல் பக்கம் வந்தா, "என்னம்மா, பெண் பூ வந்துருச்சா?"ன்னு கேக்குறாங்க. முன்னாடியெல்லாம் "காய்ச்சுதா?"ன்னுதான் கேப்பாங்க.

சரி, ரொம்பக் கனமாப் போச்சு. சமையலுக்கு வருவோம்.

புடலங்காயில நூறு கிராமுக்கு தொண்ணூத்தி நாலு கிராமுக்கு மேல தண்ணிதான். அதனால இதுல பெரிய சத்து ஒளிஞ்சிருக்குன்னு நான் அளக்க மாட்டேன். வாட்ஸப்புல இது அந்த நோயைத் தீர்க்கும், இந்த நோயைத் தீர்க்கும்னு வர்றதை நம்பாதீங்க. வெயில் காலத்துல லேசா வயித்துக்கு இதமா இருக்கும், பருப்போட சேந்தா அருமையாச் சேரும், அது போதும். மேல இருக்கிற வெள்ளைப் பூச்சைக் கத்தியோட பின்பக்கத்தால சுரண்டிருங்க. நறுக்கி உப்பு பிசறிக் கொஞ்ச நேரம் வச்சுப் பிழிஞ்சா அந்தப் பச்சை வாடை போயிரும். உள்ள இருக்கிற சோத்தையும் பிஞ்சு விதையையும் தூரப் போடாதீங்க. உளுத்தம்பருப்பு, காஞ்ச மிளகா, புளி வச்சு வதக்கி அரைச்சா துவையல். ஒரு காய்ல ரெண்டு பதார்த்தம். ஆனா ஒண்ணு, நறுக்கும்போதே நுனியை நாக்குல வச்சுப் பாருங்க. கடுங்கசப்பா இருந்தா யோசிக்காம வீசிருங்க. காட்டுல தானா மொளைக்கிற பேய்ப்புடல் கசக்கும், சில சமயம் நம்ம கொடியிலயும் அப்படி ஒண்ணு வரும். சுரைக்காய்க்கும் இதே விதிதான். கசப்பை வெல்லம் போட்டு மறைக்கலாம்னு பாத்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

கடைசியா ஒரு ஆச்சரியம். நாம பச்சையா இருக்கும்போதே பறிச்சுத் தின்னுடறோம். விதைக்குன்னு விட்ட காயைப் பாத்திருக்கீங்களா? பழுத்தா ஆரஞ்சும் சிவப்புமா மாறிரும். பிளந்தா உள்ள ரத்தச் சிவப்புல கூழ். ஆப்பிரிக்காவுல நைஜீரியா பக்கத்துல அந்தச் சிவப்புக் கூழைத் தக்காளிக்குப் பதிலாக் குழம்புல போடுறாங்களாம். அங்க இதுக்குப் பேரே பாம்புத் தக்காளிதானாம். நாம முத்திப்போச்சுன்னு ஓரமாத் தள்ளுறதை அங்க ஒரு அக்கா பத்திரமா எடுத்துக் குழம்பு வைக்கிறா. தக்காளி கிலோ நூறைத் தாண்டுற மாசத்துல நாமளும் ஒரு தடவை பாத்தா என்னன்னு நினைச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் "முதல்ல நீ தின்னு, மறுநாள் நான் சொல்றேன்"ன்னிருக்கார்.

விதை கொண்டுவந்திருக்கேன். கோ 1, நீள ரகம், என் பந்தல்ல பழுத்த காயிலயிருந்து எடுத்தது. ஆளுக்கு அஞ்சு. ஒரு குழிக்கு அஞ்சையும் போட்டு, மொளைச்சதும் நல்லதா ரெண்டு வச்சுக்கிட்டு மிச்சத்தை எடுத்துருங்க. ராத்திரி தண்ணியில ஊறப்போட்டுட்டு மறுநாள் ஊனுங்க, தோல் கெட்டி. ஆடியும் தையும் பட்டம். பந்தல் ஆறடி உயரத்துக்குக் குறையக் கூடாது, குறைஞ்சா காய் தரையில படுத்துக்கும். கல்லு நான் கொண்டுவரலை. அது உங்க ஊர்லயே இருக்கு.

விதை வாங்கிக்கிறவங்க அந்த நோட்டுல பேர் எழுதிட்டுப் போங்க. பேருக்குப் பக்கத்துல, உங்க வீட்ல யாராச்சும் "புடலங்காயாவது"ன்னு சொன்னா அதையும் ஒரு கோடு போட்டு வைங்க. அடுத்த மாசம் எண்ணிப் பாக்கலாம்.